ஞாயிறும் மதுவும் அரசும்

மது விலக்கப்பட்டது என்பது முஸ்லிம் இல்லங்களில் விவாதத்திற்குரிய பொருளன்று. எழுத்தறியுமுன்பே நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளும் செய்திகளுள் அதுவும் ஒன்று. ஆதலின், உலகின் எந்த மூலையிலேனும் ஒரு மதுக்கடை ஒரு நாள் மூடப்படுகிறது என்று கேள்வியுற்றால் நம் நெஞ்சம் மகிழ்வது இயல்பே. எனினும், அக்கடை எந்த நாளில் மூடப்படுகிறது, யார் பொருட்டு மூடப்படுகிறது, எந்த அதிகாரத்தால் மூடப்படுகிறது என்னும் வினாக்களையும் உடன் எழுப்புவது அறிவுடையார் கடன். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலம் நிலவிவந்ததும், சில மாநிலங்களில் இன்றும் எஞ்சி நிற்பதுமாகிய ஞாயிற்றுக்கிழமை மது விற்பனைத் தடையை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய விழைகிறோம்.

2016-ஆம் ஆண்டில், இந்தியானா மாநிலத்தில் பணிபுரியும் மகன் இல்லத்தில் சில திங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ஒரு ஞாயிறன்று பள்ளிவாசலில் பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பு முடிந்தபின், வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் வாங்குவதற்காகப் பெரிய அங்காடி ஒன்றுக்குச் சென்றோம். அரிசி, பருப்பு, பால், பழம் எல்லாம் தங்குதடையின்றி விலையாகிக்கொண்டிருந்தன. மதுப்புட்டிகள் அடுக்கிய பகுதியின் குறுக்கே மட்டும் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. காரணம் வினவினோம்.

“ஞாயிற்றுக்கிழமை இங்கே மது விற்கக் கூடாது, வாப்பா. சட்டம் அப்படி. யார் போட்ட சட்டமாயிருந்தால் என்ன? ஒரு நாளாவது இந்தப் பீடை ஒழிந்திருக்கிறதே, நமக்கு நல்லதுதானே?” என்றான் மகன்.

அவன் கேள்வியில் நியாயம் உண்டு. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் ஒரு தந்தையின் கவலையும் அதில் உண்டு. ஆனால் அதற்குரிய விடையை அங்காடியின் நடுவில் நின்றபடி சொல்லிவிட இயலாது. அந்நாட்டு வரலாற்றின் சில ஏடுகளைப் புரட்டியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கிச் சட்டம் செய்த முதல் பேரரசர் ரோமாபுரியின் கான்ஸ்டன்டைன். 321-ஆம் ஆண்டு அவர் பிறப்பித்த ஆணை நகரத்தாரையும் நீதிபதிகளையும் அந்நாளில் ஓய்ந்திருக்கச் சொல்லிற்று. பருவம் தவறினால் பயிர் கெடும் என்பதனால் உழவர்க்கு மட்டும் விலக்களித்தது. ஆங்கிலேயர் அமெரிக்கக் கரையில் குடியேறியபோது அம்மரபையும் கப்பலேற்றிக் கொண்டுசென்றனர். வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1610-ஆம் ஆண்டிலேயே ஞாயிறு வழிபாட்டுக்கு வாராதவர்களைத் தண்டிக்கும் சட்டம் இருந்தது. மூன்றாம் முறையும் தவறியவனுக்கு மரண தண்டனை என்று அது எழுதிவைத்திருந்தது. பிற குடியேற்றங்களும் தத்தம் வழியில் ஞாயிறன்று தொழிலையும் வணிகத்தையும் கேளிக்கையையும் தடுத்தன. இவற்றை அந்நாட்டார் ‘நீலச் சட்டங்கள்’ என வழங்குவர். ஞாயிற்றுக்கிழமை மதுத் தடை இக்குடும்பத்தின் கடைக்குட்டி எனலாம். மற்றவை பெரும்பாலும் மறைந்த பின்னும் அது நிலைத்து நின்றது.

இதே வர்ஜீனியாதான் 1786-ஆம் ஆண்டில் உலகம் வியக்கும் சமய சுதந்திரச் சட்டமொன்றையும் இயற்றியது. அதனை வரைந்தவர் தாமஸ் ஜெபர்சன். அதில் ஏசுநாதரின் பெயரைச் சேர்க்க வேண்டுமெனச் சிலர் முயன்றதையும், பெரும்பான்மையோர் அதனை மறுத்ததையும் அவர் தம் தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியுள்ளார். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து, எச்சமயமும் சாராதவர் ஆகிய அனைவரையும் தன் நிழலில் கொள்ளவே அச்சட்டம் எண்ணியது என்பதற்கு அம்மறுப்பே சான்று என்பது அவர் கருத்து. அமெரிக்க மண்ணில் குடியுரிமை பெற்ற முஸ்லிம்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கேனும் இருந்தனரா என்று ஐயுறத்தக்க காலத்தில், நம் பெயரும் அப்பட்டியலில் இடம்பெற்றதை நாம் மறத்தலாகாது.

1791-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தம், ஒரு சமயத்தை அரசுச் சமயமாக நிறுவும் சட்டத்தையும், சமயத்தைத் தடையின்றிக் கைக்கொள்வதை மறுக்கும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றலாகாது என்றது. 1802-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில், கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரின் பாப்டிஸ்டு கிறிஸ்தவர்களுக்கு எழுதிய மடலில் ஜெபர்சன் அதனைத் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே எழுப்பிய மதில் என வருணித்தார். அப்பாப்டிஸ்டுகள் தம் மாநிலத்தில் சிறுபான்மையினர். அங்கே வேறொரு திருச்சபை 1818 வரை அரசின் ஆதரவு பெற்றிருந்தது. மதிலை வேண்டியோர் இறைமறுப்பாளர் அல்லர். தம் வழிபாட்டில் அரசின் கை படலாகாது என அஞ்சிய பக்தர்களே என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஆனால் மதிலைக் கட்டியவர்களே அதில் ஒரு திட்டிவாசலும் வைத்தனர். ஞாயிறு ஓய்வை மீறுவோரைத் தண்டிக்கும் மசோதா ஒன்றை 1785-இல் ஜேம்ஸ் மாடிசன் வர்ஜீனியாச் சட்டமன்றத்தில் கொணர்ந்தார். மறு ஆண்டே அது சட்டமாயிற்று. சமய சுதந்திரச் சட்டம் நிறைவேறிய அதே 1786-ஆம் ஆண்டில்! பெரும்பான்மையோரின் வழக்கம், தனக்கு எத்துணை இயல்பாகத் தோன்றுகிறதோ அத்துணையளவு பிறர் கண்ணுக்குச் சமயமாகத் தெரிகிறது என்பதனை எத்துணைப் பேரறிஞரும் எளிதில் உணர்வதில்லை போலும்.

மதுவைப் பொறுத்தமட்டில் அந்நாடு ஒருமுறை முழுமையான தடையையே ஏற்றது. 1919-இல் உறுதிசெய்யப்பட்ட பதினெட்டாம் திருத்தம் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கள்ளச் சாராயமும் கையூட்டும் பெருகி, 1933 டிசம்பரில் இருபத்தோராம் திருத்தத்தால் அது நீக்கப்பட்டது. அதன்பின் மதுவைக் கட்டுப்படுத்தும் உரிமை பெருமளவு மாநிலங்களின் கைக்குச் சென்றது. ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பம்போல் நேரமும் நாளும் வகுத்தது. ஞாயிறு விலக்கு பல மாநிலங்களில் நிலைபெற்றது. இந்தியானாவில் ஞாயிறன்று உணவு விடுதியில் அமர்ந்து அருந்தத் தடையில்லை. கடையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துச்செல்லவே தடை. குடித்துவிட்டு வண்டியோட்டி வீடு செல்பவனை அனுமதித்து, வீட்டிலிருந்தே குடிப்பவனைத் தடுக்கும் இவ்விந்தையை அம்மாநிலத்தாரே எள்ளி நகையாடினர்.

இச்சட்டங்கள் அம்மதிலோடு ஒத்துப்போகுமா என்னும் வினா 1961-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மேரிலாந்து மாநிலத்தின் பேரங்காடி ஒன்றில் பணியாற்றிய எழுவர், ஞாயிறன்று ஒரு கோப்பு அட்டை, தரைக்கு மெருகிடும் மெழுகு, தாள் தைக்கும் கருவி, ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல் முதலியவற்றை விற்ற குற்றத்திற்காக ஆளுக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டனர். அதே நாளில் அதே வட்டாரத்தில் புகையிலையும் பாலும் ரொட்டியும் பெட்ரோலும் செய்தித்தாளும் விற்கத் தடையில்லை. அம்மாநிலச் சட்டத்தின் சொற்களிலேயே ‘ஆண்டவரின் நாள்’ என்னும் தொடர் இருந்தது. எனினும், தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு அச்சட்டத்தை நிலைநிறுத்தியது. தொடக்கத்தில் இச்சட்டங்கள் சமய நோக்குடையனவே என்பதை அத்தீர்ப்பு மறைக்கவில்லை. ஆயின் காலப்போக்கில் அந்நோக்கம் தேய்ந்து, மக்கள் அனைவர்க்கும் பொதுவான ஓய்வு நாள் ஒன்றை அளிக்கும் உலகியல் நோக்கமே இன்று எஞ்சியுள்ளது என்று அது கூறியது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒருவரே. அவர் எழுப்பிய வினா ஒன்று நம் இல்லங்களில் நினைவுகூரத்தக்கது. முஸ்லிம்களின் சமய உணர்வுக்கேற்பச் சில நாள்களில் உலக அலுவல்களைத் தடைசெய்யும் முஸ்லிம் சட்டமொன்றின்கீழ்க் கிறிஸ்தவர்கள் வழக்குக்கு இழுக்கப்பட்டால், இன்று ஞாயிறு சட்டத்தை ஆதரிக்கும் அதே வன்மையோடு அவர்கள் அதனை எதிர்க்க மாட்டார்களா என்னும் கருத்துப்பட அவர் வினவினார். நாளை மாற்றிப் பார், சட்டத்தின் உள்ளியல்பு தெரியும் என்பதே அதன் பொருள். இத்துணை எளிய உரைகல் வேறொன்று இல்லை.

அதே நாளில் வெளிவந்த மற்றொரு தீர்ப்பு, சட்டத்தின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதைக் காட்டுகிறது. பிலடெல்பியா நகரத்து யூத வணிகர் சிலர், தம் சமய விதிப்படி வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை கடையை அடைப்பவர்கள். ஞாயிறன்றும் அடைக்கும்படி சட்டம் வற்புறுத்தினால் வாரத்தில் இரண்டு நாள் வணிகம் போய்விடுகிறது. போட்டியாளரோ ஒரு நாளே இழக்கிறார். நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை. சட்டம் அவர்தம் வழிபாட்டைக் குற்றமாக்கவில்லை, அதனைக் கைக்கொள்வதற்குச் சற்றே செலவு மிகுமாறு செய்கிறது, அவ்வளவே என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நண்பகல் உணவு நேரத்தைச் சுருக்கி, மேலாளரின் முகக்குறிப்பை நோக்கி, பள்ளிவாசலுக்கு விரைந்தோடித் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு அந்தச் ‘சற்றே செலவு’ என்பதன் எடை தெரியும். பிள்ளைகளின் மார்க்க வகுப்பைக்கூட அங்குள்ள பள்ளிவாசல்கள் ஞாயிறன்று நடத்துவது, அந்நாளே நாட்டின் விடுமுறை என்பதனாலன்றோ?

இனி, இச்சட்டங்களால் திருச்சபையேனும் பயன்பெற்றதா எனப் பார்ப்போம். நீதிமன்றத்தில் ஞாயிறு தப்பிப் பிழைத்தது, தான் புனித நாளன்று, வெறும் ஓய்வு நாளே என்று தன் வழக்கறிஞர் வாயால் சொல்லிக்கொண்டுதான். அரசின் துணையைப் பெறுவதற்குப் புனிதத்தையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது. ஓர் இறைநம்பிக்கையாளன் வருந்தத்தக்க வாணிபம் அது.

பின்னர் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. ஞாயிறு மதுத் தடையை நீக்கும் முயற்சிகள் கனெக்டிகட்டிலும் மின்னசோட்டாவிலும் இந்தியானாவிலும் எழுந்தபோது, முன்னின்று அவற்றை எதிர்த்தவர்களுள் மதுக்கடை உரிமையாளர்களே முதன்மையானவர்கள். ஆறு நாளில் விற்கும் சரக்கையே ஏழு நாளில் பரப்பி விற்க நேரும், ஊழியருக்கும் விளக்குக்கும் ஒரு நாள் செலவு கூடும், பேரங்காடிகள் ஞாயிறன்று தம் வாடிக்கையாளரைக் கவர்ந்துகொள்ளும் என்பன அவர்தம் அச்சங்கள். தேவாலயம் எழுப்பிய வேலியை மதுவணிகன் காவல் காத்தான்! குடியைக் குறைக்கவேண்டி நின்ற தடையாயின் விற்பவன் அதனைக் கட்டியணைத்துக் காப்பானா? டான்பரி மடல் சென்ற அதே கனெக்டிகட்டில் 2012 மே திங்களில் தடை நீங்கிற்று. மின்னசோட்டாவில் அது மாநிலமான 1858 முதல் நின்ற தடை 2017 ஜூலையிலும், இந்தியானாவில் 2018 மார்ச்சிலும் மறைந்தன. டெக்சாஸில் பீரும் ஒயினும் ஞாயிறன்று விற்கலாம். சாராய வகைகள் விற்கும் கடைகள் மட்டும் மூடியே இருக்கின்றன. எது புனிதம் கருதிய தடை, எது வணிகம் கருதிய தடை என்று பிரித்தறிய இயலாத நிலை அது.

இவற்றால், மதுவைக் கட்டுப்படுத்த அரசுக்கு உரிமையில்லை என்று நாம் வாதிப்பதாக எவரும் எண்ணற்க. 1982-இல் அதே உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இங்கே தெளிவு தருகிறது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டம், தேவாலயத்திற்கோ பள்ளிக்கூடத்திற்கோ ஐந்நூறு அடிக்குள் மது விற்க உரிமம் கேட்பவரை மறுக்கும் அதிகாரத்தை அத்தேவாலயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்குமே வழங்கியிருந்தது. கேம்பிரிட்ஜ் நகரில் உணவு விடுதியொன்று, தன் சுவரிலிருந்து பத்தடியில் நின்ற தேவாலயத்தின் மறுப்பால் உரிமம் இழந்து வழக்காடியது. நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதென்றது. வழிபாட்டிடங்களுக்கருகில் மதுக்கடை கூடாதென அரசே விதி செய்யலாம். தேவாலயத்தின் கருத்தைக் கேட்டு எடைபோடலாம். ஆனால் அரசின் செங்கோலை எடுத்துத் தேவாலயத்தின் கையில் கொடுக்கலாகாது என்பதே அதன் சாரம்.

மகனின் வினாவுக்கு நாம் கண்ட விடையும் இதுவே. மது உடலைக் கெடுக்கிறது, குடும்பத்தைக் குலைக்கிறது, சாலையில் உயிரைப் பறிக்கிறது என்பவை எச்சமயத்தாரும் ஒப்பும் காரணங்கள். அக்காரணங்களைச் சொல்லிக் கடைகளைக் குறைப்பதும், நேரத்தைச் சுருக்குவதும், முற்றும் விலக்குவதும் அரசின் நேர்மையான பணிகள். ஆயின் அக்காரணங்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். ஒரு நாளை மட்டும் தேர்ந்து, அது எம் சமயத்தின் நாள் என்பதனால் அடை என்று அரசு சொல்லுமாயின், அங்கே பேசுவது அரசன்று, அரசின் குரலை இரவல் பெற்ற திருச்சபை. அச்சட்டம் இன்று நமக்குப் பிடித்த ஒன்றைத் தடுக்காததனால் இனிக்கிறது. நாளை அதே கை வேறொன்றைத் தடுக்க நீளும்போது, அன்று ஏன் வாளாவிருந்தீர் என்ற கேள்விக்கு நம்மிடம் மறுமொழி இராது.

நம் மார்க்கத்தின் நெறியும் இதற்கு அயலானதன்று. வெள்ளிக்கிழமை நமக்குச் சிறப்பு நாளே. ஆயினும் தொழுகைக்கு அழைக்கப்பட்டதும் வணிகத்தை விட்டு வருமாறும், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறைவனின் அருளைத் தேடுமாறும் ஜும்ஆ அத்தியாயம் நமக்குப் பணிக்கிறது. நாள் முழுதும் கடையடைக்கச் சொல்லவில்லை. மதுவின் விலக்கும் ஒரே நாளில் இறங்கியதன்று. அதன் பயனினும் பாவம் பெரிதென்பது முதலிலும், போதையுடன் தொழுகையை நெருங்காதீர் என்பது அடுத்தும், முற்றாக விலகுங்கள் என்பது இறுதியிலும் அருளப்பெற்றன. மாயிதா அத்தியாயத்தின் அவ்விறுதிக் கட்டளை அறிவிக்கப்பெற்றபோது, மதீனத்து வீதிகளில் மது கொட்டப்பட்டு ஓடியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. பல்லாண்டுகளாகப் பண்படுத்தப்பட்ட உள்ளங்கள் ஓர் அறிவிப்பைக் கேட்டதும் தம் கைகளாலேயே கவிழ்த்த கலங்கள் அவை. அந்தப் பண்பாட்டைச் சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கம் நமக்காக உண்டாக்கித் தரும் என எதிர்பார்ப்பது பேதைமை.

கடல் கடந்த நாட்டின் கதை இது என்று நாம் ஒதுங்கிவிடவும் இயலாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுக்கடைகளை டாஸ்மாக் நிறுவனத்தின் வாயிலாக அரசே நடத்திவருகிறது. காந்தியடிகள் பிறந்தநாள், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி ஆகிய நாள்களோடு மீலாது நபியன்றும் அக்கடைகள் மூடப்படுகின்றன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த நாளை மதித்துச் செய்யும் அச்செயலில் நல்லெண்ணம் உண்டு. நாம் அதனைப் பழிக்கவில்லை. பெரும்பான்மையோரின் நாள் ஒன்றையே உயர்த்தாமல் பல மரபினரின் நாள்களையும் ஒப்ப மதிப்பதால், அமெரிக்க ஞாயிற்றினின்றும் அது வேறுபட்டதுமாகும். ஆயினும் டக்ளஸின் உரைகல்லை நம் நாளின்மீதும் உரைத்துப் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும். முந்திய மாலையில் கடைவாயிலில் முண்டியடிக்கும் கூட்டத்தைக் காணாதவர் யார்? மறுநாள் அதே கதவு அதே அரசால் திறக்கப்படுகிறது. ஆண்டு முழுதும் விற்றுவிட்டு அண்ணலின் நாளில் மட்டும் அடைப்பது, அவர்தம் போதனைக்குச் செய்த மரியாதையா, அன்றி நம் மனத்துக்குச் செய்த சமாதானமா? நம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு மது விலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்கிறது. அது எந்தச் சமயத்தின் பெயரையும் சொல்லவில்லை; மக்களின் உடல்நலத்தையே சொல்கிறது. நாம் கேட்க வேண்டியது அந்தப் பிரிவின் பெயரால், எல்லாக் குடும்பங்களுக்காகவும், எல்லா நாள்களுக்காகவும்.

தந்தையின் தள்ளாட்டத்தைக் கண்டு கதவோரம் ஒடுங்கும் குழந்தைக்கு அன்று என்ன கிழமை என்பது தெரியாது. அது எந்தச் சமயத்தில் பிறந்தது என்பதும் அந்த அச்சத்தை மாற்றாது. அக்குழந்தைக்காகப் பேசும் சட்டத்திற்கு எச்சமயத்தாரும் துணைநிற்கலாம். நம் பிள்ளைகளின் நாவையும் நெஞ்சையும் காக்கும் பொறுப்போ நம் இல்லத்தாருடையது, நம் மத்ரஸாக்களுடையது. ஆறு நாள் திறந்திருக்கும் கடையின்முன் ஆறு நாளும் தலைநிமிர்ந்து கடந்து செல்லும் உறுதியை வல்ல இறைவன் நம் தலைமுறையினர்க்கு அருள்வானாக!